பயிற்சிக் கல்லூரியில் படிப்பது வகுப்பறைக்கு உதவுமா?

கேள்வி: கணிதத்தில் பட்டம் முடித்து, இப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறேன். கல்வி உளவியல், கல்வித் தத்துவம், மதிப்பீடு என்று எல்லாம் தனித்தனித் தாள்கள். பியாஜே, வைகாட்ஸ்கி, ப்ளூம் என்று உளவியலாளர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். லெசன் பிளான் எழுதுவதிலேயே இரவு போய்விடுகிறது. சீனியர்களோ பழைய நோட்டைப் பார்த்து எழுதிவிடு என்கிறார்கள். சக மாணவிகளைப் பள்ளிப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டு மைக்ரோ டீச்சிங் செய்வது வெறும் நடிப்பாக இருக்கிறது. வகுப்பைக் கவனிக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பின்பெஞ்சில் உட்கார்ந்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அங்கிருந்த ஆசிரியை, "கல்லூரியில் சொன்னதை மறந்துவிடு, வகுப்புக்குள் வந்தால் தானாக வரும்" என்றார். அடுத்த பருவத்தில் கற்பித்தல் பயிற்சி தொடங்குகிறது. வகுப்பை அடக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. இந்தப் படிப்பை எப்படிப் படித்தால் பயன்படும்? அப்படிப் படித்தால் மதிப்பெண் குறைந்துவிடுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நீங்கள் கேட்டவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'தனித்தனித் தாள்கள்' என்ற இடம்தான். மற்ற சிக்கல்களில் பாதி அதிலிருந்து கிளம்புகின்றன. தாள்களைப் பிரித்து வைத்திருப்பது கற்பிக்கவும் பரீட்சை வைக்கவும் வசதி என்பதற்காக. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "0.5-ஐ விட 0.125 தான் பெரியது" என்று உறுதியாகச் சொல்லும்போது, உளவியலும் கணிதமும் மதிப்பீடும் ஒரே நேரத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அந்த நிமிடத்தில் எதைச் செய்வது என்பதற்குத்தான் இந்தப் படிப்பு முழுவதும். ஆனால் தாள்களை ஒன்றாகச் சேர்க்கும் வேலைக்குப் பாடவேளை எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. அதை நீங்களே செய்ய வேண்டும்.

நான் சொல்லும் வழி இது. பள்ளிக் கணிதத்தில் சின்னதாக ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தசம எண்களை ஒப்பிடுவது, பின்னங்களின் வகுத்தல், எதிர்க்குறி எண்கள், எதுவானாலும் சரி. இந்த வருடம் முழுக்க எந்தத் தாளைப் படித்தாலும் அதைக் கொண்டுபோய் அந்தப் பகுதியின் மேல் வைத்துப் பாருங்கள். உளவியலில் ஒரு கோட்பாடு வந்தால், தசம எண் கற்கும் பிள்ளையைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். மதிப்பீட்டில் ஒரு முறை வந்தால், தசம எண்ணுக்கு அப்படி ஒரு கேள்வி தயாரியுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு. வருட முடிவில் அந்த ஒரு பகுதியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு உங்கள் கல்லூரியில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மற்ற பகுதிகளுக்கும் அதே முறையில் பிறகு போகலாம்.

"தானாக வரும்" என்று அந்த ஆசிரியை சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். அவர் பொய் சொல்லவில்லை. ஏதோ ஒன்று தானாகத்தான் வரும். எது வரும் என்பதுதான் கேள்வி. டான் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் ஆசிரியத் தொழிலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று அதில் கணக்கிட்டார். வேறெந்தத் தொழிலிலும் நுழைவதற்கு முன்பே இவ்வளவு நேரம் அதைக் கவனிக்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. ஆனால் நாம் பார்த்ததெல்லாம் மாணவரின் இருக்கையிலிருந்து. ஆசிரியர் என்ன செய்தார் என்பது தெரிந்தது. ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார், எந்த இரண்டு உதாரணங்களை யோசித்து ஒதுக்கிவிட்டு மூன்றாவதை எடுத்தார் என்பது தெரியவில்லை. ஆகவே எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வகுப்பில் நிற்கும்போது தானாக வருவது, நமக்குப் பாடம் எடுத்தவர்களின் குரலும் பழக்கமும்தான். அவர்கள் நல்லவர்களாக அமைந்திருந்தால் உங்கள் பாடும் கொஞ்சம் நன்றாக இருக்கும். இல்லாவிட்டால் உங்களை வருத்திய அதே வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரும். பயிற்சிப் படிப்பு அந்தத் தானியங்கிப் பழக்கத்தைக் குறுக்கே நின்று தடுப்பதற்காக இருக்கிறது.

நீங்கள் கணிதப் பட்டதாரி. "பாடம் எனக்குத் தெரியும், இனி எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான்" என்று நினைக்கத் தோன்றும். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். லிபிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தார். ஒன்றே முக்காலை அரையால் வகுங்கள். அதற்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்கும் சொல்லுங்கள். 1999-இல் வெளியான அவருடைய நூலின்படி, 23 அமெரிக்க ஆசிரியர்களில் விடையைச் சரியாகக் கண்டவர்கள் 9 பேர். கருத்து சரியாக அமைந்த கதையைச் சொன்னவர் ஒரே ஒருவர். பலர் ஒன்றே முக்காலை இரண்டு பேருக்குப் பங்கு போட்டார்கள். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது அல்ல. ஒன்றே முக்கால் மீட்டர் கயிற்றில் அரை மீட்டர் துண்டுகள் எத்தனை கிடைக்கும் என்று கேட்டிருந்தால் மூன்றரை என்ற விடைக்கு அர்த்தம் கிடைத்திருக்கும். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகக் கண்டார்கள்; மிகப் பெரும்பாலோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க ஆசிரியர்களை விடக் குறைந்த வருடங்களே படித்தவர்கள். உயர் கணிதம் படித்திருப்பதும், பிள்ளைக்குச் சொல்லும் அளவுக்குப் பள்ளிக் கணிதத்தின் அடிவரை தெரிந்திருப்பதும் வேறு வேறு. இந்த இரண்டாவது வகை அறிவுக்கு லீ ஷுல்மன் என்ற கல்வி ஆய்வாளர் 1980களின் நடுவில் தனி இடம் கொடுத்தார். எந்த உதாரணம் எதைத் தெளிவாக்கும், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள், எந்த முன்கருத்தோடு வருவார்கள் என்பதெல்லாம் அதில் அடங்கும். பாட அறிவும் கற்பித்தல் அறிவும் ஒன்றாகக் கலந்த அறிவு அது. உங்கள் படிப்பில் 'கணிதம் கற்பித்தல்' என்று ஒரு தாள் இருக்கும். அதை எளிதான தாள் என்று ஒதுக்காதீர்கள். எல்லாத் தாள்களும் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் அதுதான்.

சரி, தசம எண்ணை எடுத்துக்கொண்டு தாள்களுக்குள் போய்ப் பார்ப்போம்.

0.125 பெரியது என்று சொல்லும் பிள்ளை கவனக்குறைவால் அப்படிச் சொல்லவில்லை. முழு எண்களில் இலக்கம் அதிகமானால் எண் பெரிது; 125 என்பது 5-ஐ விடப் பெரிது. பல வருடங்களாகத் தவறாமல் பலித்த விதி அது. அதே விதியைப் புதிய இடத்திலும் போட்டுப் பார்க்கிறது. பியாஜே சொன்னதை உங்கள் குறிப்பேட்டில் வரையறையாக எழுதியிருப்பீர்கள்: புதிதாக வருவதை முதலில் பழைய அமைப்புக்குள் திணிக்கிறோம், அது திணியாதபோது அமைப்பையே மாற்றுகிறோம். இந்தப் பிள்ளை முதல் கட்டத்தில் நிற்கிறது. "தப்பு, 0.5 தான் பெரியது" என்று சொல்லிவிட்டுப் போனால் பழைய அமைப்பு அப்படியே இருக்கும், விதிவிலக்கு ஒன்று மட்டும் மேலே ஒட்டிக்கொள்ளும். ஒரு சதுரத்தைப் பத்து சம பட்டைகளாகப் பிரித்து ஐந்தை நிழலிடச் சொல்லுங்கள். அதே அளவு இன்னொரு சதுரத்தை நூறு கட்டங்களாகப் பிரித்து, பன்னிரண்டரைக் கட்டத்தை நிழலிடச் சொல்லுங்கள். இப்போது பழைய விதி அதன் கண்ணெதிரே முறியும். வைகாட்ஸ்கி சொன்ன, தனியே செய்ய முடியாமலும் துணையோடு செய்ய முடிந்தும் இருக்கும் அந்த இடைவெளியும் இங்கேதான் இருக்கிறது. சதுரத்தை நீங்கள் தந்தீர்கள்; நிழலிட்டுப் பார்த்து முடிவுக்கு வந்தது பிள்ளை. அடுத்த முறை சதுரம் இல்லாமல் மனதில் நினைத்துப் பார்க்கச் சொல்வீர்கள். உட், ப்ரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்ட தற்காலிகத் துணையைத்தான், கட்டடம் எழும்பும்வரை கட்டி வைக்கும் சாரத்தைப்போல, சாரம் (scaffolding) என்றார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 21 மரக்கட்டைகளை வைத்துப் பிரமிடு கட்டும்போது, பெரியவர் எப்போது கை கொடுக்கிறார், எப்போது கையை எடுக்கிறார் என்று பார்த்து எழுதிய கட்டுரை அது. கையை எடுப்பதும் அந்த வேலையின் பாதி.

இதே பகுதியை மதிப்பீட்டுத் தாளுக்குக் கொண்டுபோங்கள். அங்கேதான் இந்த முறையின் பலன் எனக்கு மிக அதிகமாகத் தெரிகிறது. "0.65, 0.42 இவற்றில் எது பெரியது?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். தசமப் புள்ளியையே மறைத்துவிட்டு 65, 42 என்று பார்த்தாலும் விடை சரியாக வந்துவிடும். கேள்வி ஒன்றையும் வெளிக்கொண்டுவரவில்லை. "0.75, 0.8" என்று கேளுங்கள். இலக்கம் அதிகமானால் பெரிது என்று நம்பும் பிள்ளை 0.75 என்று சொல்லி அகப்படும். அப்புறம் "0.3, 0.426" என்று கேளுங்கள். இதில் அந்தப் பிள்ளை சரியான விடையைச் சொல்லிவிடும். ஆனால் வேறொரு பிள்ளை 0.3 என்று சொல்லும். பத்தில் ஒரு பங்கு பெரியது, ஆயிரத்தில் ஒரு பங்கு சிறியது என்று கற்றுக்கொண்டு, அதனால் ஆயிரத்தில் எத்தனை பங்கு இருந்தாலும் சிறியதே என்று முடிவு கட்டிய பிள்ளை அது. இரண்டு பேருக்கும் மதிப்பெண் ஒன்றாகவே வரும். இருவருக்கும் தேவையான உதவி ஒன்றல்ல.

சரியான விடைக்குப் பின்னால் தவறான சிந்தனை ஒளிந்திருக்கலாம் என்பதற்கு, ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். பென்னி என்று அவர் பெயரிட்டுச் சொல்லும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தானே படித்துத் தேர்வு எழுதி அடுத்த நிலைக்குப் போகும் பாடமுறையில் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தான். ஆசிரியருக்கும் அவன்மேல் நல்ல அபிப்பிராயம். உட்கார்ந்து பேசிப் பார்த்தபோது தெரிந்தது: பின்னத்தைத் தசமமாக மாற்ற அவன் மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு 2/10 என்பது 1.2. அதே விதிப்படி 4/11, 11/4 இரண்டுமே 1.5. அதில் அவனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. கணிதம் என்பது யாரோ எங்கோ வகுத்த விதிகளின் கூட்டம் என்று நம்பினான். அவன் தேர்வுத் தாள்களில் இது தெரியவில்லை. "எப்படிக் கண்டுபிடித்தாய், சொல்" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. இந்த ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டால் மதிப்பீட்டுத் தாளின் பாதி உங்கள் கையில். சரியான விடை சொன்னவரிடமும் அதைக் கேளுங்கள். தவறான விடைக்கு மட்டும் "எப்படி?" என்று கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிந்தனையை நிலை நிலையாகப் பிரிக்கும் ப்ளூம் வகைப்பாட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 1956-இல் அது வெளிவந்ததன் பின்னணியில் இருந்தவர்கள் கல்லூரித் தேர்வுகளுக்கு வினா தயாரிப்பவர்கள். தங்கள் வினாக்கள் எந்த வகைச் சிந்தனையைக் கேட்கின்றன என்று வகைப்படுத்திக்கொள்வதே அவர்களுக்குத் தேவையாக இருந்தது. 2001-இல் திருத்தப்பட்டு நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்று ஆனது. அதை லெசன் பிளானில் நிரப்ப வேண்டிய கட்டமாகப் பார்க்காமல், நீங்கள் எழுதிய ஐந்து கேள்விகளையும் அதில் வைத்துப் பாருங்கள். ஐந்தும் முதல் இரண்டு நிலையிலேயே கிடந்தால், ஒன்றை மாற்றி எழுதுங்கள். "0.3-க்கும் 0.4-க்கும் இடையே ஓர் எண் சொல், இன்னொன்று சொல், எத்தனை இருக்கும்?" என்பது தானே மேலே ஏறிவிடும்.

இனி லெசன் பிளான். அதன்மேல் உங்களுக்கு இருக்கும் சலிப்பு எனக்குப் புரிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியக் கல்விச் சிந்தனையாளரின் வழிவந்தவர்கள் ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என்று ஐந்து படிகளை வகுத்தார்கள். இன்றைய படிவங்களிலும் அதன் சாயல் இருக்கிறது. படிவம் எதுவானாலும் கல்லூரி கேட்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் ஓரத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். ஒவ்வொரு முக்கியக் கேள்விக்கும் எதிரே, பிள்ளைகள் சொல்லக்கூடிய இரண்டு அல்லது மூன்று விடைகள்; அவற்றில் தவறானதற்கு நீங்கள் அடுத்துச் செய்யப்போவது. ஜப்பானில் ஆசிரியர்கள் கூட்டாக ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு விவாதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அங்கே எழுதப்படும் பாடத்திட்டங்களில் பிள்ளைகளின் எதிர்பார்க்கப்படும் பதில்களுக்குத் தனி இடமே இருக்கும். "ஆசிரியர் விளக்குவார், மாணவர்கள் கவனிப்பர்" என்று எழுதிய திட்டத்தை யாரிடமிருந்தும் பார்த்து எழுதலாம். எதிர்பார்க்கும் பதில்களின் பத்தியை அப்படி எழுத முடியாது. எழுதினாலும் வகுப்பில் முதல் ஐந்து நிமிடத்தில் அது கைவிட்டுவிடும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் நீளமாக எழுதுவதில்லை என்பது உண்மைதான். அந்தப் பத்தி அவர்களுக்கு மனதிலேயே இருக்கிறது. உங்களுக்கு இன்னும் இல்லை, அதனால் காகிதம் வேண்டும்.

மைக்ரோ டீச்சிங் நடிப்பாகத் தெரிவதற்குக் காரணம், எதிரே இருப்பவர்களுக்கு விடை தெரியும், அவர்கள் உங்களைக் காப்பாற்ற நினைக்கிறார்கள். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடனிருந்தவர்களும் இதைத் தொடங்கியபோது, சில நிமிடப் பாடம், ஒரே ஒரு திறன், பிறகு பின்னூட்டம், அதன் பிறகு அதே பாடத்தை மறுபடி நடத்துவது என்ற சுற்று இருந்தது. மறுபடி நடத்துவதை நேரமில்லை என்று விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது நடிப்புதான். கல்லூரி நேரத்தில் முடியாவிட்டால் மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டு மாலையில் செய்யுங்கள். இன்னொரு மாற்றமும் செய்யலாம். ஒருத்தியிடம் ரகசியமாக, "நீ இலக்கம் அதிகமானால் பெரிது என்று நம்புகிறாய்" என்று ஒரு சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொருத்திக்கு அதற்கு எதிரான நம்பிக்கை. பாடம் நடத்துபவருக்கு யாரிடம் எந்தச் சீட்டு என்று தெரியக்கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் கேள்விகள் கேட்டே அவர் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் பயிற்சிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுதான். ஆனால் அங்கே பழகுவது உண்மையான திறன்.

அதிலேயே காத்திருக்கவும் பழகிக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது, பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்பது கூடியது. மூன்று நொடி ஒன்றுமில்லை என்று தோன்றும். முப்பது பேர் உங்களையே பார்க்கும்போது அது எவ்வளவு நீளம் என்று தெரியும். அதனால்தான் தோழிகள் முன்னால் பழக வேண்டும் என்கிறேன்.

வகுப்பைக் கவனிக்கப் போகும்போது எல்லாவற்றையும் கவனிக்க முயலாதீர்கள். அப்படி முயன்றால் "ஆசிரியை தெளிவாக விளக்கினார், மாணவர்கள் ஆர்வமாக இருந்தனர்" என்ற வரிதான் மிஞ்சும். அந்த ஆசிரியைக்கு மதிப்பெண் போடுவதும் உங்கள் வேலை அல்ல. ஒரு நாள் கேள்விகளை மட்டும் எழுதுங்கள்: கேட்ட கேள்வி அப்படியே, யார் பதில் சொன்னார்கள், சொன்னது அப்படியே, அதற்குப் பிறகு ஆசிரியை என்ன செய்தார். வேறொரு நாள் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள், முடிந்தால் கை தூக்காத பிள்ளையை. எப்போது எழுதியது, எப்போது பக்கத்து நோட்டைப் பார்த்தது, எந்த இடத்தில் விட்டுவிட்டது. இன்னொரு நாள் அனுமதி கேட்டு, வகுப்பு முடிந்ததும் பத்து நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். தவறுகளை எண்ணுவதை விட்டு, ஒரே மாதிரித் தவறுகளை ஒன்றாக அடுக்குங்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1904-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கற்பித்தல் பயிற்சிக்கு இரண்டு நோக்கங்கள் இருக்கலாம் என்றார். ஒன்று, தொழிலின் கைப்பழக்கத்தைப் பெறுவது. மற்றது, பயிற்சியை ஓர் ஆய்வுக்கூடமாகக் கொண்டு மனம் எப்படி வேலை செய்கிறது என்று காண்பது. முதல் நாளிலிருந்தே கட்டுப்பாட்டை மட்டும் நினைக்கும் புதியவர், பிள்ளைகளின் வெளிக் கவனத்தை மட்டும் பார்க்கப் பழகிவிடுவார், உள்ளே அது எங்கே இருக்கிறது என்று பார்க்கமாட்டார் என்று கவலைப்பட்டார். வகுப்பு உங்கள் பொறுப்பில் இல்லாத இந்தக் கவனிப்பு வாரங்கள் அந்த உள் கவனத்தைப் பார்க்கக் கிடைத்த நேரம். பின்னாளில் இந்தச் சாவகாசம் கிடைக்காது.

வகுப்பை அடக்குவது பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஜேக்கப் குனின் வகுப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒழுங்காக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் உள்ள வேறுபாடு, ஆசிரியர் கண்டிக்கும் விதத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார். அங்கே கிடைக்கவில்லை. கண்டிக்க வேண்டிய நிலை வருவதற்கு முன்பே ஆசிரியர் செய்தவற்றில் கிடைத்தது. வகுப்பின் எல்லா மூலையிலும் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்திருப்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்கு இழுபறி இல்லாமல் போனார். ஒருவரிடம் பேசும்போதும் மற்றவர்களை விட்டுவிடவில்லை. ஆகவே குரலை உயர்த்தப் பழக வேண்டாம். தாள்களை எப்போது கொடுப்பது, சீக்கிரம் முடித்தவர் அடுத்து என்ன செய்வார், கரும்பலகையில் எழுதும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதைத் திட்டத்தில் எழுதி வையுங்கள். முதல் சில பாடங்களில் சத்தம் இருக்கும். அதை உங்கள் தகுதியின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தத்துவத் தாளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு சிந்தனையாளரையும் 'இவர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் எதை ஆட்சேபிப்பார்?' என்ற ஒரு கேள்வியோடு படியுங்கள். அது போதும்.

இன்னொன்று. பாடத்தில் வருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற கருத்து பல இடங்களில் இன்னும் சொல்லித்தரப்படுகிறது. 2008-இல் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இதற்கான ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, அப்படிப் பொருத்திக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். தசம எண்ணுக்குப் படம் வேண்டும் என்றால் அது எல்லாருக்கும் வேண்டும். பாடம் அதைக் கேட்கிறது. ஒரு பிள்ளையின் மேல் "நீ கேட்டுக் கற்பவள்" என்று முத்திரை குத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பள்ளியில் இருக்கும் அந்த ஆசிரியையோடு வாதம் வேண்டாம். அவரிடம் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. அதை எப்படிக் கேட்பது என்று தெரிந்தால் கிடைக்கும். "எப்படிக் கற்பிப்பது, மேடம்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்தப் பாடத்தில் போன வருடம் பிள்ளைகள் எங்கே குழம்பினார்கள்? நீங்கள் எந்த உதாரணத்தை விட்டுவிட்டீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். கல்லூரியை மறக்கச் சொன்னவர், ஷுல்மன் சொன்ன அந்த அறிவை உங்களுக்கு அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல்வார். உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மதிப்பெண். குறையாது என்றே நினைக்கிறேன். பியாஜேயின் கருத்தை விளக்குக என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே உதாரணத்தை எழுதும்போது, நீங்கள் 0.125-ஐப் பெரிது என்ற பிள்ளையை எழுதுவீர்கள். திருத்துபவருக்கு உங்களுக்குப் புரிந்திருப்பது தெரியும். கேட்கும் வரையறையையும் விடாமல் எழுதுங்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு. படிக்கும் முறையிலும் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு நடந்த தேர்வில், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். எனவே குறிப்பைக் கோடிட்டுக் கோடிட்டு வாசிப்பதை விட்டு, ஒரு வெற்றுத் தாளில் கோட்பாட்டையும் அதன் தசம எண் உதாரணத்தையும் பார்க்காமல் எழுதுங்கள். பிறகு திறந்து பார்த்து விட்டதைச் சேருங்கள். சில நாள் கழித்து அதே தலைப்பை மறுபடி எழுதுங்கள். பரீட்சைக்குப் படித்தது பயிற்சி வகுப்புக்கும் அப்படியே உதவும்.